ஒட்டகம் தண்ணீர் குடித்த கதை

கட்டடம் எழும்பும் இடங்களில் அவரை ஒட்டகம் என்றால்தான் தெரியும். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது வாசலில் வந்து விசாரித்தால், அப்படி ஒருத்தர் இங்கே வேலை செய்யவில்லையே என்று காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். கோபுரக் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். காலையில் ஏணி ஏறி உச்சியில் இருக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்தான் கால் தரையில் படும். நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. பட்டப்பெயர் அதனால் வந்தது. மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தால் சுருக்கென்று தைக்கும். இவர் அதைச் சட்டையில் குத்திய பதக்கம் போல வைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் வைராக்கியம் எதுவும் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். கோபுரத்தின் வயிற்றுக்குள் ஏணி தளம் தளமாகப் போகிறது. இறங்கி, போய்விட்டு, மறுபடி ஏறி வருவதற்குள் தொட்டியில் இருக்கும் கான்கிரீட் இறுக ஆரம்பித்துவிடும். மேல்தளத்தில் நிற்கிற அத்தனை பேரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். மற்ற ஓட்டுநர்கள் அவசரத்துக்கென்று மூடி போட்ட பாட்டில் ஒன்றை மேலே வைத்திருப்பார்கள். இவருக்கு அது சரிப்படவில்லை. கூண்டு என்பது கண்ணாடிப் பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. எதிரே அடுக்குமாடி வீடுகள். கூண்டுக்கு நேரே இருக்கும் பால்கனியில் ஒரு அம்மாள் தினமும் துணி உலர்த்துவார். துணி உலர்த்துகிறவர் நிமிர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே அவர் தன் உடம்புக்கு ஒரு சட்டம் போட்டுவைத்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கெட்டியாக ஒரு கப் கறுப்பு டீ. மதியத்துக்கு ரொட்டி. கொறிக்க ஒரு பொட்டலம் உப்புக் கடலை. கொளுத்தும் வெயிலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டினால் வாயில் ஒரு புதினா மிட்டாய். தண்ணீரெல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்.

"எப்படிண்ணே முடியுது?" என்று அடுத்த கிரேனின் ஓட்டுநர் ஒருமுறை கேட்டார்.

"உடம்பு நாம சொல்றதைக் கேக்கும்ப்பா. கேக்க வைக்கணும்" என்றார் ஒட்டகம்.

உடம்பு பல வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, யாரோ திருப்புளியை வைத்து முறுக்குவது போல இருந்தது. அது அங்கேயே நிற்காமல் வயிற்றைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கியது. உட்கார்ந்தாலும் வலித்தது, படுத்தாலும் வலித்தது, நின்றாலும் வலித்தது. வாந்தி எடுத்தார். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதறுகிற ஆள் இல்லை. வேனின் பின்சீட்டில் கணவரைக் கிடத்தி, குழந்தைகள் கவனம் என்ற பலகை பின்னால் ஆட ஆட, மருத்துவமனைக்கு ஓட்டினார்.

"மெதுவா போ" என்று முனகினார் ஒட்டகம்.

"மெதுவா போனா நீங்க சத்தம் போடுறீங்க. வேகமா போனா வண்டி சத்தம் போடுது. வண்டி சத்தமே பரவாயில்லை."

ஸ்கேனில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சின்னக் கல் தெரிந்தது. தானாக வந்துவிடும் அளவுதான் என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டு, மருந்து கொடுத்து, சிறுநீர் போகும்போதெல்லாம் வடிகட்டியில் பிடித்துக் கல்லைக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். மனைவி புதிதாக ஒரு டீ வடிகட்டி வாங்கிவந்து, மறந்துபோய்க்கூட யாரும் அடுப்படிக்கு எடுத்துப் போகக் கூடாதென்று காம்பில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டினார். வாரக் கடைசியில் கல் விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் முள். இத்தனூண்டா தன்னை அந்தப் பாடு படுத்தியது என்று ஒட்டகத்துக்கு அவமானமாகக்கூட இருந்தது.

சிறுநீரக மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கல்லைப் பரிசோதித்ததில் கால்சியமும் ஆக்ஸலேட் என்ற உப்பும் சேர்ந்து உறைந்த வகை என்று சொன்னார். கல் ஏன் உண்டாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடித்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

"வழக்கமா இருக்கற மாதிரி ஒரு நாள் இருங்க. வேலைக்குப் போற நாளா இருந்தா நல்லது" என்றார் மருத்துவர்.

ஒட்டகம் தலையை ஆட்டினார். கேனைத் தூக்கிக்கொண்டு கிரேன் ஏறுவதாவது! விடுமுறை நாளில் பிடித்தார். வீட்டில் இருக்கும் நாளில் அவர் மனிதரைப் போலத்தான் தண்ணீர் குடிப்பார். போதாததற்கு, பரிசோதனைக்குப் போகிறதே, கௌரவமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு இன்னும் நாலு டம்ளர் கூடுதலாகக் குடித்தார். கேன் கழுத்து வரை நிரம்பியது. விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் வீட்டைப் பெருக்குகிற மாதிரிதான் இதுவும்.

முடிவைப் பார்த்த மருத்துவருக்கு மகிழ்ச்சி. "தண்ணி விஷயத்துல உங்களைக் குறை சொல்றதுக்கில்லை. அப்ப உப்பைக் குறைங்க. கடலையைக் குறைங்க. கறியை அளவோட வெச்சுக்கங்க" என்றார். வேலை நாளில் பிடித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது பரீட்சையில் தேறிய பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். மனைவி மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"லீவு நாளுன்னு சொன்னீங்களா?"

"நாள் எதுவா இருந்தா என்ன, ஆள் நான்தானே?"

மருத்துவர் சொன்ன மூன்றில் ஒன்றரையைத்தான் கேட்டார். கறியைக் குறைத்தார். கடலை கொஞ்ச நாள் நின்று மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. சொல்லாத இரண்டைத் தானாகச் செய்தார். கால்சியம் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து பாலையும் தயிரையும் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். பால்தானே கல்லாகிறது? இரண்டாவது, அண்ணியின் சாறு. அடுத்த தெருவில் குடியிருந்த அண்ணி, கொழுந்தனாருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உருகிப்போய், பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு பிழிந்து தினம் காலையில் கொடுத்தனுப்பினார். குடிக்க முடியாமல்தான் இருந்தது. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மேலே போய் வழக்கம் போல வறண்டு கிடந்தார்.

இரண்டாவது கல் வரக் கோடைக்காலம் வரைக்கும் பொறுத்திருந்தது.

அன்றைக்குக் கொக்கியில் தொங்கியது ஒரு மாடிப்படித் துண்டு. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கனமான கான்கிரீட் பாளம். அதைத் தரையிலிருந்து எடுத்து, கட்டடத்தின் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளே படிக்கட்டுக்காக விட்டிருக்கும் குழிக்குள் இறக்க வேண்டும். கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்கிறவரை எல்லாரும் சிக்னல் அக்கா என்பார்கள். ஒட்டகத்தைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி, குரல் மட்டும் கனத்த குரல். ஒட்டகத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் எல்லாம் அக்காவின் குரல்தான் அவருக்குக் கண்.

பாளம் பாதி உயரம் வந்திருக்கும். விலாவில் அந்தத் திருப்புளி மறுபடி இறங்கியது. இந்தத் தடவை வலது பக்கம். இன்னதென்று உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நெம்புகோலைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வாய் வரவில்லை.

"தம்பி, கொக்கி ஆடுது" என்றார் அக்கா.

ஒட்டகம் நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"தம்பி, காத்தே இல்லையே. ஏன் ஆடுது?"

"அக்கா... எனக்கு முடியல" என்றார் ஒட்டகம்.

கீழே அக்கா கையை வீசி ஆட்களை விலக்கினார். பிறகு அந்தக் குரல் வந்தது. அது ஒரு துளிகூட உயரவில்லை என்பதைத்தான் ஒட்டகம் பிற்பாடு எல்லாரிடமும் சொல்வார்.

"சரி. ஒண்ணும் இல்லை. எல்லாரையும் விலக்கிட்டேன், கீழ ஒரு ஈ காக்கா கிடையாது. குழிக்குப் போக வேணாம். எடுத்த இடத்துலயே வெச்சிடலாம். நீ எதையும் பாக்காதே. நான் சொல்றதை மட்டும் கேளு. இடது பக்கம், மெதுவா. இன்னும். இன்னும். அவ்வளவுதான், நில்லு. மூச்சு விடு. இப்ப இறக்கு. நல்லா இருக்கு. இறக்கு. என் ராசா, இன்னும் கொஞ்சம். தரை தொட்டாச்சு."

பாளம் சத்தமில்லாமல் மண்ணில் உட்கார்ந்தது. கீழே ஆட்கள் கொக்கியைக் கழற்றியதும், காற்றடித்தால் கிரேனின் கை தானாகச் சுழன்றுகொள்ளும்படி பிடியைத் தளர்த்திவிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் பிறகுதான் ஒட்டகம் கூண்டின் தரையில் சுருண்டார். கம்பி கட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் ஏறிவந்து, பட்டை மாட்டி, குழந்தையை இறக்குவது போலத் தளம் தளமாக இறக்கினார்கள்.

இந்தக் கல் தானாக வருகிற சாதி இல்லை. குழாய்வழியாகக் கருவியை விட்டு, ஒளிக்கதிரால் உடைத்து எடுத்தார்கள். மறுநாள் அதே மருத்துவர் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தண்ணி நல்லாக் குடிக்கறவருக்கு இவ்வளவு சீக்கிரம் இது வந்திருக்கக் கூடாதே. நான் எங்க தப்பு பண்ணினேன்னு யோசிக்கறேன்" என்றார்.

தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் பேசியதைக் கேட்க ஒட்டகத்துக்குப் பொறுக்கவில்லை. கேன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கூண்டு, துணி உலர்த்துகிற பால்கனி, பட்டப்பெயர், எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார் ஒட்டகம். அவரோ கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்பாடா. காரணம் தெரிஞ்சுபோச்சு. இது நம்மளால சரி பண்ணக்கூடியது. வேற என்ன சாப்பிடறீங்க? மறைக்காம சொல்லுங்க."

கீரைச் சாறு என்றதும் மருத்துவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பாலு?"

"அதெல்லாம் நிறுத்தி மாசக்கணக்காச்சு."

"சரியாப் போச்சு. கேளுங்க. கீரையில, கடலையில, கெட்டி டீயில எல்லாம் ஆக்ஸலேட் இருக்கு. சாப்பாட்டோட பாலோ தயிரோ சேர்ந்தா, கால்சியமும் அதுவும் குடல்லயே கை கோத்துக்கிட்டு வெளிய போயிடும். நீங்க பாலை நிறுத்திட்டீங்க, சாறை ஏத்திட்டீங்க. அது தனியா சிறுநீரகம் வரைக்கும் வந்து அங்க ஜோடி சேருது. அங்க தண்ணியும் இல்ல. கல்லாகாம என்ன பண்ணும்?"

"அப்ப பால் குடிக்கலாமா?"

"சாப்பாட்டோட குடிங்க. மாத்திரையா வாங்கி முழுங்காதீங்க, அது வேற கதை. அந்தச் சாறை விடுங்க. கீரை ஆசையா இருந்தா வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டிட்டு, எப்பவாவது கொஞ்சம், தயிரோட. அப்புறம் உப்பு. உப்பு உடம்பை விட்டுப் போகும்போது சும்மா போகாது, கால்சியத்தையும் சிறுநீருக்கு இழுத்துட்டு வரும். உப்புக் கடலையில ரெண்டு வம்பும் ஒரே பொட்டலத்துல இருக்கு."

எலுமிச்சை நல்லது, சர்க்கரையில்லாமல் தண்ணீரில் பிழிந்து குடிக்கலாம் என்றார். அதிலிருக்கும் சத்து கல் கட்டவிடாமல் தடுக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை எத்தனை டம்ளர் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவுக்குச் சிறுநீர் போக வேண்டும், வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருக்க வேண்டும், அதுதான் அடையாளம். வெயிலில் வேர்த்துப் போகிற நாளில் இன்னும் கூடக் குடிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரேயடியாகக் குடிப்பது பகல் முழுக்கக் காய்ந்ததைச் சரிசெய்யாது. "இது உங்களுக்கு. இருதயக் கோளாறு, சிறுநீரகம் பழுதானவங்களுக்கு அளவு வேற. நாளைக்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லக் கிளம்பிடாதீங்க" என்று முடித்தார்.

அவர் போன பிறகு மனைவி திரும்பினார். "ஒட்டகம் தண்ணி கிடைச்சா வயிறு முட்டக் குடிக்குமாம். உங்களுக்குப் பேர் வெச்சவங்களுக்கு அது தெரியல. உங்களுக்கும் தெரியல."

அண்ணியிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் இருவருக்கும் பெரிய கவலையாக இருந்தது. அண்ணி அழுதுவிட்டார். பிறகு மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் கொடுத்தனுப்பினார். ஏதாவது ஒன்று கொடுத்தனுப்பாமல் அவரால் இருக்க முடியாது.

கல் போனது. வேலைதான் தொங்கலில் நின்றது. கொக்கியில் பாரம் இருக்கும்போது சுருண்டு விழுந்தவரை மறுபடி ஏற்றுவதற்குத் தலைமை அலுவலகம் தயங்கியது. வாசலுக்குப் பக்கத்தில் சாமான் இறக்கும் இடத்தில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்ன இளம் என்ஜினியருக்கே முகம் சரியில்லை.

"அண்ணே, ஒரு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லி வாங்கியிருக்கேன். அந்த ஒரு மாசத்துல டாக்டர் 'கட்டுக்குள்ள இருக்கு'ன்னு எழுதிக் கொடுத்தா கூண்டு உங்களுது. இல்லைன்னா வாசல்தான்."

மேலே இருந்து பார்த்தால் ஒட்டகத்துக்கு உலகம் ஒழுங்காகத் தெரியும். ஒரு பாளத்தை நூல் பிடித்தது போல இறக்கி வைக்கிற சுகம் கீழே லாரி எண்ணுவதில் கிடையாது. அந்தக் கூண்டைத் தவிர வேறு எதிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை. அது அவருக்கே தெரியும்.

மருத்துவர், பழைய கேனைப் போலவே இன்னொரு கேனைக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் சொன்னது ஒரே வாக்கியம். "கூண்டுக்குள்ள பிடிச்சுக் கொண்டுவாங்க."

வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் சிக்னல் அக்கா வீட்டுக்கு வந்தார், ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு. ஒட்டகம் எழுந்து நின்றார். நன்றி சொல்ல நாலு நாளாக வார்த்தை சேர்த்துவைத்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அதை மறுபடி மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தார்.

"உட்காரு தம்பி. நான் என்ன உன்னைத் தோள்ல தூக்கியா இறக்கினேன்? வாயாலதானே பேசினேன்."

"அந்த வாய் இல்லைன்னா நான் யாரையாவது கொன்னிருப்பேன்க்கா."

அக்கா அதைக் காதில் வாங்காதவர் போல எலுமிச்சையை ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"குடிங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க."

"பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்று அக்கா சிரித்தார். "எனக்கும் அதே கதைதான். கழிப்பறை எங்க இருக்கு? அந்தக் கோடியில, சிமெண்டு மூட்டைக்குப் பின்னால. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கொக்கியை விட்டுட்டு அவ்வளவு தூரம் போயிட்டு வரவா? காலையில அரை டம்ளர். அதோட சரி. உனக்காவது பேர் வெச்சாங்க. எனக்கு அதுவும் இல்ல."

அத்தனை வருஷமாக அந்த வளாகத்தை மேலிருந்து பார்த்தவர் ஒட்டகம். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தக் கம்பிக்கட்டு வளைந்திருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் கண்ணாக நின்ற ஒரு மனுஷி காலையிலிருந்து சாயங்காலம் வரை நகராமல் அதே இடத்தில் காய்ந்து நின்றது மட்டும் ஒரு நாளும் தெரியவில்லை.

மறுநாள் என்ஜினியரின் தகரக் கொட்டகைக்குப் போய் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மூணு விஷயம் வேணும் சார். முற்பகல்ல ஒரு தடவை, பிற்பகல்ல ஒரு தடவை கொக்கியை நிறுத்தணும். கூண்டுல மூணு பக்கம் மறைக்கிற மாதிரி சுருட்டுத் திரை வேணும், வேலை செய்யறப்ப மேல சுருட்டிக்கலாம். கிரேனுக்குப் பக்கத்துல ஒரு கழிப்பறை வேணும். உள்பக்கம் தாழ்ப்பாளோட, தண்ணியோட."

"முதல் ரெண்டும் புரியுது. மூணாவது எதுக்குண்ணே? நீங்கதான் மேல இருக்கீங்களே."

"அது அக்காவுக்கு."

"அக்கா கேக்கலையே?"

"நானும்தான் இத்தனை வருஷம் கேக்கல. என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? அவங்க தெம்பா நின்னாத்தான் சார் என் கொக்கி நேரா நிக்கும்."

என்ஜினியர் பேனாவால் காதைச் சொறிந்தார். திரை நாளைக்கே வரும், நிறுத்தம் இன்றைக்கே தொடங்கலாம், கழிப்பறைக்குத் தலைமை அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். பிறகு எழுந்து வந்து, "கேட்டதுக்கு நன்றிண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். நன்றி சொல்ல வேண்டியவன் நானல்லவா என்று ஒட்டகத்துக்குக் குழப்பமாகிவிட்டது.

கேன் மேலே போன நாள் அந்த வளாகத்துக்கே ஒரு கொண்டாட்டம். ஐஸ் கட்டி போட்ட பெட்டிக்குள் கேன், தனியாக ஒரு பெரிய தண்ணீர்க் குடுவை, மூடி போட்ட பாட்டில் ஒன்று. எல்லாவற்றையும் கயிற்றில் கட்டித் தளம் தளமாகத் தூக்கினார்கள்.

"என்ன, ஒட்டகம் பெட்டி படுக்கையோட கிளம்பிடுச்சு?" என்றார் கம்பி கட்டுகிறவர் ஒருவர்.

"பாத்துத் தூக்குப்பா. போறப்ப காலிதான். வர்றப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் இன்னொருவர்.

ஒட்டகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். ஒவ்வொரு பாரம் இறங்கியதும் இரண்டு மடக்கு. கடலைக்குப் பதில் மனைவி நறுக்கிக் கொடுத்த வெள்ளரிக்காய். ரொட்டியோடு அண்ணியின் தயிர். முற்பகல் நிறுத்தம் வந்தது. "கொக்கி நிறுத்தம்" என்று அக்கா வாக்கியில் சொன்னதும் வளாகம் ஓய்ந்தது. ஒட்டகம் திரையை இழுத்துவிட்டார். எல்லாம் தயார். ஆனால் பல வருஷமாகப் பூட்டிவைத்த உடம்பு, திற என்றவுடன் திறக்குமா? நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க இன்னும் இறுகியது.

வாக்கி கரகரத்தது. "அவசரம் இல்ல தம்பி. கான்கிரீட் லாரி வாசல்லயே மாட்டிக்கிச்சு. சாவகாசமா வா."

வாக்கியில் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். கீழே யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். அதைக் கேட்டு ஒட்டகத்துக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் உடம்பு இளகியது.

மருத்துவர் முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அளவு போதுமானதாக இருந்தது. உப்பு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். கல் இனி வரவே வராது என்று தன்னால் சொல்ல முடியாது, வரவிடாமல் செய்வதில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த தாளை ஒட்டகம் இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வேனில் காத்திருந்த மனைவி அவர் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

"நீ அன்னைக்கே கேட்ட, லீவு நாளுன்னு சொன்னீங்களான்னு" என்றார் ஒட்டகம் பாதி வழியில்.

"கேட்டேன்."

"அப்பவே உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்."

"இது எழுதி வாங்க வேண்டிய பேச்சு" என்றார் மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூண்டு அவருக்கே என்று ஆனது. பட்டப்பெயர் மாறவில்லை. அடுத்த கிரேனின் ஓட்டுநரும் ஒரு திரை கேட்டு வாங்கிக்கொண்டார். தலைமை அலுவலகம் வழக்கம் போல ஆடி அசைந்து, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு கழிப்பறையை அனுப்பியது. நீல நிறத்தில் ஒரு சின்ன அறை. அதை லாரியிலிருந்து எடுத்து கிரேனுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்ததும் ஒட்டகத்தின் கொக்கிதான். எத்தனையோ பாளங்களை இறக்கியிருக்கிறார். இவ்வளவு பதமாக எதையும் இறக்கியதில்லை. தரை தொட்டது, கொஞ்சம் வலது பக்கம் தள்ளு, சரி என்று அக்கா வழக்கமான குரலிலேயே சொன்னார்.

அன்றைக்கு முற்பகலில் அக்கா நிறுத்தம் சொன்னார். சொல்லிவிட்டு வாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவசரமில்லாமல், அந்த நீல அறைக்கு நடந்து போனார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் அது கேட்காது. ஒட்டகம் வெறும் கொக்கியைக் காற்றில் அசையாமல் நிறுத்திவைத்து, அக்கா திரும்பி வருகிற வரைக்கும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.